'எனில்' பின்னால் வரும் மொழிக்கு எந்தப் பார்சர்?

சின்னதாக ஒரு நிரல்மொழி செய்து பார்க்கலாம் என்று இறங்குபவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பார்சர் கருவியை எடுக்கலாம் என்பதுதான். நிரலின் உரையைப் படித்து, அதன் அமைப்பை ஒரு மரமாகப் பிரித்துத் தரும் பகுதிதான் பார்சர். தேடினால் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியவை; பெரிய ஜேசான் கோப்பு ஒன்றை எது எத்தனை மில்லிசெகண்டில் படித்து முடிக்கிறது என்று பட்டை வரைபடம் போட்டிருப்பார்கள். நம் சின்ன மொழியில் யாரும் பத்து மெகாபைட்டுக்கு நிரல் எழுதப் போவதில்லை, அதனால் அந்த வரைபடத்தால் எனக்குப் பயன் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. நான் எழுதிய இலக்கணமே, அதாவது மொழியின் தொடரமைப்பு விதிகளே, இரண்டு பொருள் தருவதாக இருந்தால் கருவி அதை என்னிடம் சொல்லுமா? என் மொழியில் எழுதுகிற ஒருவர் தொகுதியை மூடும் 'முடி' என்ற சொல்லை விட்டுவிட்டால் அவருக்கு என்ன செய்தி போகும்? இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் லெமன், லார்க், ஓம், எல்பெக், ட்ரீ-சிட்டர் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாமே திறந்த மூலம். கூடவே, கருவியே இல்லாமல் கையால் எழுதுகிற ப்ராட் முறையையும் சேர்த்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்ட மொழி இப்படி இருக்கும்:

மதிப்பெண் >= 35 எனில்
    காட்டு "தேர்ச்சி"
இல்லையெனில்
    காட்டு "மீண்டும் எழுது"
முடி

பார்க்க எளிமையாக இருக்கிறது, ஆனால் சி, பைத்தான் மாதிரியான மொழிகளிலிருந்து ஒரு விஷயத்தில் இது அடியோடு மாறுகிறது. அங்கே 'இஃப்' முதலில் வந்துவிடும். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததுமே இது நிபந்தனைக் கூற்று என்று பார்சருக்குத் தெரிந்துவிடும். இங்கே நிபந்தனை முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் 'எனில்' வருகிறது. அதுவரை கையில் இருப்பது வெறும் கோவையா (ஒரு மதிப்பைத் தரும் கணக்கா), நிபந்தனையா என்று தெரியாது. தமிழில் வினை கடைசியில் வருவதால் தமிழ்ச் சொல்வரிசையில் மொழி செய்கிற எவரும் இதைச் சந்தித்தே ஆக வேண்டும். முத்து அண்ணாமலை பைத்தானில் எழுதிய எழில் மொழியில் நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் போட்டு, முன்னால் ஒரு @ குறி வைத்து, அதற்குப் பின் 'ஆனால்' என்று எழுத வேண்டும். அந்த @ குறி பார்சருக்கு ஒரு முன்னறிவிப்பாகிவிடுகிறது: கட்டுப்பாட்டுக் கூற்று ஒன்று வருகிறது, தயாராக இரு என்று. நல்ல உத்திதான். ஆனால் குறி எதுவும் இல்லாமலே எழுத முடியுமா என்று பார்ப்பதுதான் என் ஆசை.

முதலில் லெமன். சீக்குவலைட் தரவுத்தளத்தை எழுதிய ரிச்சர்ட் ஹிப்பின் கருவி, சீக்குவலைட்டின் எஸ்க்யூஎல் பார்சரே இதில்தான் உருவாகிறது. ஒரே ஒரு சி கோப்பும் ஒரு வார்ப்புருக் கோப்பும்தான் மொத்தக் கருவியும், உரிமம் எதுவும் இல்லாமல் பொதுச் சொத்தாகவே விட்டிருக்கிறார்கள். எல்ஏஎல்ஆர் வகை என்பதால் கீழிருந்து மேலாகக் கட்டும். அதாவது படித்ததை அடுக்கில் வைத்துக்கொண்டே போய், போதுமான அளவு வந்த பிறகுதான் இது என்ன என்று முடிவெடுக்கும். 'எனில்' கடைசியில் வருவது அதற்கு ஒரு பிரச்சினையே இல்லை. கோவை அடுக்கில் இருக்கிறது, அடுத்த டோக்கன் (சொல் அல்லது குறி) 'எனில்' என்றால் இந்த விதி, வரி முடிவு என்றால் அந்த விதி, அவ்வளவுதான். யாக் என்ற பழைய பார்சர் கருவியில் டாலர் ஒன்று, டாலர் இரண்டு என்று எண்ணி எண்ணி எழுத வேண்டிய இடத்தில் லெமனில் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் வைக்கலாம். விதியில் நடுவே ஒரு உறுப்பைச் சேர்த்தால் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும் தொல்லை கிடையாது. இன்னொன்று, யாக்கில் பார்சர் லெக்சரை (உரையை டோக்கன்களாக வெட்டும் பகுதியை) அழைக்கும், லெமனில் லெக்சர்தான் பார்சரை அழைத்து ஒவ்வொரு டோக்கனாகக் கொடுக்கும். குளோபல் மாறிகளும் இல்லை. இதனால் ஒருவர் வரிவரியாகத் தட்டச்சு செய்யும் திரையோடு இணைப்பது மிகவும் சுலபம்.

இலக்கணத்தில் குழப்பம் இருந்தால் லெமன் விடாது. இதற்கு நான் வைத்த சோதனை அடைப்புக்குறி இல்லாத அழைப்பு. 'காட்டு அ - 1' என்று எழுதினால் என்ன பொருள்? அ-விலிருந்து ஒன்றைக் கழித்துக் காட்டுவதா, அ-வையும் மைனஸ் ஒன்றையும் இரண்டு உள்ளீடுகளாகக் காட்டுவதா, இல்லை காட்டு அ என்பதன் விடையிலிருந்து ஒன்றைக் கழிப்பதா? மூன்றையும் அனுமதிக்கிற மாதிரி விதி எழுதிக் கொடுத்தால், முரண்பாடுகள் இத்தனை என்று சொல்லி, எந்த நிலையில் எந்த டோக்கனைப் பார்த்தபோது என்பதை அறிக்கைக் கோப்பில் குறித்துத் தரும். அந்த அறிக்கையைப் படிக்கப் பழக வேண்டும், நிலை எண்களும் புள்ளி வைத்த விதிகளுமாக இருக்கும். ஆனால் சொல்கிறது பாருங்கள், அதுதான் முக்கியம். மொழியை வடிவமைக்கும்போது இந்தக் குறுக்கீட்டை விலைமதிக்கவே முடியாது, ஏனென்றால் கருவிக்குக் குழப்பமாக இருக்கும் இடம் பெரும்பாலும் படிக்கிற மனிதருக்கும் குழப்பமான இடம்.

நிரல் எழுதுபவர் பக்கம் வந்தால் லெமன் கை விரித்துவிடுகிறது. எந்த டோக்கனில் தடுக்கியது என்பதை மட்டும் கொடுக்கும், அங்கே என்ன வந்திருக்க வேண்டும் என்பதை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சீக்குவலைட் பயன்படுத்தியவர்களுக்கு இது தெரியும்: இந்தச் சொல்லுக்கு அருகில் தொடரியல் பிழை என்று ஒரு வரி, அதோடு சரி.

லார்க் பைத்தான் கருவி. ஒரே இலக்கணத்தை எர்லி முறையிலும் ஓட்டலாம், எல்ஏஎல்ஆர் முறையிலும் ஓட்டலாம் என்பதுதான் அதன் பலம். ஜே எர்லி 1968இல் தன் ஆய்வேட்டில் கொடுத்த முறை எந்தச் சூழல்சாரா இலக்கணத்தையும் ஏற்கும், இடப்பக்க ரிகர்ஷன் (ஒரு விதி தன்னையே முதல் உறுப்பாக அழைப்பது) இருந்தாலும் சரி, இரண்டு பொருள் வந்தாலும் சரி. லார்க்கில் எர்லியை எடுத்துக்கொண்டு, குழப்பங்களை வெளிப்படையாகக் காட்டு என்று ஒரு விருப்பத்தைப் போட்டுவிட்டால், 'காட்டு அ - 1' என்ற வரிக்குச் சாத்தியமான மரங்கள் எல்லாவற்றையும் ஒரு கிளையின் கீழ் அடுக்கித் தருகிறது. லெமன் தருவது நிலை எண்கள். லார்க் தருவது என் சொந்த எடுத்துக்காட்டு நிரலின் மரங்கள். இரண்டாவதைப் பார்த்துத்தான் அழைப்பில் காற்புள்ளி கட்டாயம் என்று நான் முடிவெடுத்தேன், இரண்டு உள்ளீடுகள் என்ற பொருள் உடனே விலகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: அந்த விருப்பத்தைப் போடாவிட்டால் லார்க் தானே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். எல்ஏஎல்ஆர் பக்கமும் அப்படித்தான், ஷிஃப்ட்-ரெட்யூஸ் முரண்பாடு (அடுத்த டோக்கனை அடுக்கில் சேர்ப்பதா, இருப்பதை ஒரு விதியாக மடிப்பதா என்ற குழப்பம்) வந்தால் ஷிஃப்ட் பக்கம் சாய்ந்துவிடும். கண்டிப்பான முறையைக் கேட்டு வாங்கினால்தான் நிறுத்திச் சொல்லும்.

பிழைச் செய்தியிலும் லார்க் பரவாயில்லை. தடுக்கிய இடத்தில் எதிர்பார்த்த டோக்கன்களின் பட்டியலைத் தருகிறது. அதைவிட அருமை, தவறான நிரல் துண்டுகளை நாமே எடுத்துக்காட்டாகக் கொடுத்து, இது 'முடி' விட்டுப்போனது, இது மேற்கோள் மூடாதது என்று பெயரிட்டு வைக்கலாம். பயனரின் நிரல் அதே நிலையில் தடுக்கினால் லார்க் அந்தப் பெயரைத் திருப்பித் தரும். பாடம் நடத்துபவர்களுக்கு இது ரொம்பவே உதவும், மாணவர்கள் எந்தெந்த இடத்தில் தடுக்குவார்கள் என்பது அவர்களுக்கு முன்பே தெரியுமே.

அப்புறம் பெக் குடும்பம். பிரயன் ஃபோர்டு 2004இல் வைத்த முறை. ஓம், எல்பெக் இரண்டும் இதில்தான் வரும், பைத்தானே 3.9 பதிப்பிலிருந்து இந்த வகைப் பார்சருக்கு மாறிவிட்டது. இதில் விதிகளுக்கு வரிசை உண்டு: முதல் வழி பொருந்தினால் இரண்டாவதைப் பார்க்கவே பார்க்காது. அதனால் குழப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று இதன் ஆதரவாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் குறையாகத் தெரிகிறது. குழப்பம் போய்விடவில்லை, வரிசைக்குள் ஒளிந்துகொண்டது. தமிழ்ச் சொற்களை வைத்தாலே இது பளிச்சென்று தெரியும். மொழியில் 'இல்லை' என்பது ஒரு மதிப்பு, 'இல்லையெனில்' என்பது ஒரு கட்டளைச்சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இல்லை'யை முதலில் எழுதிவிட்டால், 'இல்லையெனில்' வரும் இடத்தில் முதல் பகுதியை மதிப்பாக விழுங்கிவிட்டு, மிச்சம் இருக்கும் 'யெனில்' என்ன என்று விழிக்கும். கருவி எதுவும் எச்சரிக்காது. ஒவ்வொரு கட்டளைச்சொல்லுக்குப் பின்னும் இனி எழுத்து எதுவும் தொடரக் கூடாது என்று ஒரு முன்னோக்கு விதி வைத்தே ஆக வேண்டும், அந்த எழுத்து என்பதில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் அடங்க வேண்டும். தனி லெக்சர் வைத்து நீளமான பொருத்தத்தை எடுக்கும் கருவிகளில் இந்தத் தலைவலி கிடையாது.

'எனில்' பின்னால் வருவதையும் பெக் ஒரு விதமாகச் சமாளிக்கிறது. நிபந்தனைக் கூற்று என்று நினைத்துக் கோவையைப் படிக்கும், எனில் இல்லை என்றால் திரும்பிப் போய் அதே கோவையை மறுபடி வெறும் கோவையாகப் படிக்கும். படித்ததை நினைவில் வைத்துக்கொண்டால் நேரம் வீணாகாது. ஆனால் பிழைச் செய்தி மங்கிவிடும் ஆபத்து இருக்கிறது: தொகுதிக்குள்ளே எங்கோ ஆழத்தில் தவறு நடந்தாலும், பார்சர் பின்வாங்கி இரண்டாவது வழிக்குப் போய், 'எனில்' என்ற சொல்லே இங்கே எதிர்பாராதது என்று சொல்லக்கூடும். ஓம் இதை ஒழுங்காகக் கையாள்கிறது, எவ்வளவு தூரம் போய்த் தடுக்கியதோ அந்தக் கடைசி இடத்தைத்தான் காட்டும். பைத்தானின் இலக்கணத்தில் இதற்காகவே ஒரு வெட்டுக் குறி இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டால் அந்த விதிக்குள் வேறு வழி தேடிப் பின்வாங்க முடியாது.

ஓமைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஓமெட்டா என்ற முந்தைய கருவியின் வாரிசு, ஜாவாஸ்கிரிப்டில் ஓடும். இலக்கணத்தை ஒரு பக்கம் தனியாக வைத்து, அதன் பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை இன்னொரு பக்கம் எழுதச் சொல்கிறது. ஒரே இலக்கணத்துக்கு இயக்குவது ஒன்று, அழகாக அச்சிடுவது ஒன்று என்று பலவற்றை மாட்டலாம். இடப்பக்க ரிகர்ஷனையும் ஏற்கிறது, எல்பெக்கோ அதைக் கண்டதும் பிழை சொல்லி நிறுத்திவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக அதன் எடிட்டர்: நிரலைத் தட்டத் தட்ட, எந்த விதி எந்த எழுத்துகளை எடுத்துக்கொண்டது, எது முயன்று தோற்றது என்று அடுக்கடுக்காகக் காட்டும். பெக் ஒளித்துவைப்பதைக் கண்ணால் தேடிப் பிடிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. எல்பெக் லுவா நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொபேர்டு இயேருசாலிம்ஸ்கியின் படைப்பு. சின்னது, வேகமானது, உரைத் தேடலுக்கும் கோப்பு வடிவங்களுக்கும் அற்புதம். முழு மொழிக்கு நான் எடுக்க மாட்டேன், பிழைச் செய்தி எல்லாவற்றையும் நாமே கட்ட வேண்டியிருக்கிறது.

ட்ரீ-சிட்டர் வேறு நோக்கத்துக்கானது. ஆட்டம் (Atom) எடிட்டருக்காகத் தொடங்கியது, இப்போது நியோவிம், ஹீலிக்ஸ், ஸெட் எடிட்டர்கள் எல்லாம் பயன்படுத்துகின்றன. பாதி எழுதிய நிரலையும் படித்தாக வேண்டும் என்பதால், 'முடி' இல்லாவிட்டால் விட்டுப்போன முடி என்று ஒரு முனையைத் தானே மரத்தில் வைத்துவிட்டு மேலே போகும். இலக்கணக் குழப்பத்தைச் சொல்வதில் இதுதான் எல்லாவற்றிலும் சிறப்பு: எந்தச் சொற்தொடரில் சிக்கல், அதை எப்படியெல்லாம் படிக்கலாம், முன்னுரிமை கொடுப்பதா, இடமிருந்து சேர்ப்பதா வலமிருந்து சேர்ப்பதா என்று சொல்வதா, முரண்பாடாகவே அறிவிப்பதா என்று வழிகளையும் சேர்த்தே எழுதித் தருகிறது. லெமனின் அறிக்கையைப் படித்துவிட்டு இதைப் படித்தால் வித்தியாசம் புரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, என் மொழியின் உண்மையான பார்சரை நான் கையால்தான் எழுதினேன். வான் ப்ராட் 1973இல் வெளியிட்ட முறை. ஒவ்வொரு செயற்குறிக்கும் ஒரு பிடிப்பு எண் (பெரிதானால் இறுக்கம் அதிகம்): பெருக்கல் 40, கூட்டல் 30, ஒப்பீடு 20. இதில் 'எனில்' என்பதையும் ஒரு செயற்குறியாகவே வைத்து 5 என்று கொடுத்துவிட்டேன். மேலே உள்ள நிரலில் பார்சர் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது, 'மதிப்பெண்' படிக்கிறது, அடுத்து ஒப்பீட்டுக் குறி, 20 பூஜ்ஜியத்தைவிடப் பெரியது, எனவே வலப்பக்கத்தை 20 என்ற எல்லையோடு படிக்கப் போகிறது. 35 கிடைக்கிறது. அடுத்து 'எனில்', அதன் 5 இருபதைவிடச் சிறியது, எனவே உள்ளே இருந்தது வெளியே திரும்புகிறது. இப்போது இடக்கையில் முழு நிபந்தனையும் தயாராக இருக்கிறது, 5 பூஜ்ஜியத்தைவிடப் பெரியது, 'எனில்' செயல்பாடு அந்த நிபந்தனையை வாங்கிக்கொண்டு 'இல்லையெனில்' அல்லது 'முடி' வரும்வரை தொகுதியைப் படிக்கிறது. முன்னறிவிப்புக் குறி வேண்டாம், பின்வாங்குதல் வேண்டாம். அடைப்புக்குறிக்குள் படிக்கும்போது எல்லையை 10 என்று கொடுத்தால் அங்கே 'எனில்' நுழையவும் முடியாது. வினை கடைசியில் வரும் தொடருக்கு இந்த முறை அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

கையால் எழுதுவதன் இன்னொரு லாபம் செய்தி. 'எனில்' திறந்த வரி எண்ணை அந்தச் செயல்பாடே கையில் வைத்திருப்பதால், கோப்பின் கடைசியில் போய் நின்று ஏதோ குறைகிறது என்று முனகாமல், 3ஆம் வரியில் தொடங்கிய எனிலுக்கு முடி இல்லை என்று நேராகச் சொல்லலாம். பெரிய மொழிகள் இந்தப் பக்கம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஜிசிசி தொகுப்பி தன் சி++ பார்சரை 2004இல் 3.4 பதிப்பிலும், சி பார்சரை அதற்குப் பின் 4.1இலும் கையால் எழுதிய பார்சராக மாற்றியது. கோ மொழி 2016இல் 1.6 பதிப்பில் யாக்கை விட்டது, ரூபி 3.4இல் கையால் எழுதிய பிரிஸம் இயல்பு பார்சரானது.

பெயர்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், தமிழில் மாறிகளுக்குப் பெயர் வைக்க விரும்பும் யாருக்கும் இது முதல் நாளே இடிக்கும். பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸ் (உரை வடிவங்களைத் தேடும்) நூலகத்தில் சொல்லெழுத்து என்ற வகுப்பில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சேராது. 'மதிப்பெண்' என்று கொடுத்தால் மத, ப, ப, ண என்று நாலு துண்டாக்கிவிடும். பைத்தான் மொழியே தன் நிரல்களில் 'மதிப்பெண்' என்ற மாறியை ஏற்கிறது, அதன் ரெஜெக்ஸ்தான் ஏற்பதில்லை. லார்க்கில் மாற்று ரெஜெக்ஸ் நூலகத்தைப் பயன்படுத்து என்று ஒரு விருப்பம் உண்டு, அதைப் போட்டு யூனிகோட் வகைகளை வைத்துப் பெயர் விதியை எழுதினால் சரியாகிவிடும். ட்ரீ-சிட்டரிலும் யூனிகோட் வகைகளைச் சொல்லலாம். ஓமில் உள்ள 'எழுத்து' விதியை நம்பாமல் தமிழ் வரம்பை நாமே சேர்ப்பது நல்லது. கோ மொழியில் இன்றும் 'மதிப்பெண்' செல்லாது, குறிகளை அது பெயருக்குள் விடுவதில்லை. சீக்குவலைட் இதில் எளிய வழியில் போகிறது: 127க்கு மேற்பட்ட எந்த பைட்டும் பெயரில் வரலாம், எனவே அட்டவணைக்குத் தமிழ்ப் பெயர் மேற்கோள் இல்லாமலே வைக்கலாம். ஆனால் அந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டில் வேறு வேறு, ஆக ஒரே பெயர் இரண்டு மாறிகளாகிவிடும். கோப்பைப் படித்தவுடன் என்எஃப்சி (யூனிகோடின் ஒன்றிணைத்த) வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டு அப்புறம் லெக்சருக்குக் கொடுங்கள்.

இன்னும் ஒரு படி போய், வேற்றுமை உருபை வைத்தே உள்ளீடுகளை அடையாளம் காணும் மொழி செய்யலாமா என்று கேட்பவர்கள் ஜப்பானிய நடேசிகோவைப் பார்க்க வேண்டும், அதுவும் திறந்த மூலம்தான். அங்கே இடைச்சொற்கள்தான் எது எந்த உள்ளீடு என்று சொல்கின்றன. தமிழில் உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு எழுத்தையே மாற்றிவிடும், பட்டியல் பட்டியலை ஆகிறது, மரம் மரத்தை ஆகிறது. அது லெக்சர் வேலை இல்லை, சொல்லின் உறுப்புகளைப் பிரித்தறியும் உருபனியல் வேலை. அதை நான் இன்னும் தொடவில்லை.

இப்போதைய என் ஏற்பாடு இது: இலக்கணம் லார்க்கில் எர்லி முறையில் இருக்கிறது, புதிய விதி ஏதாவது சேர்க்கத் தோன்றினால் முதலில் அங்கேதான் சேர்த்து, இரண்டாவது மரம் முளைக்கிறதா என்று பார்க்கிறேன். முளைக்காவிட்டால் ப்ராட் பார்சரில் எழுதுகிறேன். இரண்டுக்கும் ஒரே மாதிரி நிரல்களைக் கொடுத்து மரங்களை ஒப்பிடும் சோதனை ஒவ்வொரு கமிட்டிலும் (மாற்றத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும்) ஓடுகிறது. சி-யில் எழுதுபவர் யாராவது கேட்டால், ப்ராட் பார்சருக்குப் பதிலாக லெமனையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன், செய்திகளுக்குக் கொஞ்சம் உழைக்கத் தயாராக இருந்தால். ட்ரீ-சிட்டர் இலக்கணத்தை மட்டும் தள்ளிப் போட்டிருக்கிறேன். விதிகள் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது இடத்திலும் திருத்திக்கொண்டிருக்க முடியாது. தொடரியல் நிலைக்கட்டும், பிறகு எடிட்டரில் நிறம் வரட்டும்.